பனிக்குள் போன ஹெல்மெட் கேமரா: இப்போதே தோண்டுவதா, உருகும்வரை விடுவதா?

கேள்வி: காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன். நேற்று கொண்டோலாவில் (கம்பிவடத்தில் ஓடும் பெட்டி) இரண்டாம் கட்டம் வரை ஏறி, உள்ளூர் வழிகாட்டியுடனும் ஒரு நண்பருடனும் முதல் கட்ட நிலையமான கொங்டூரி பக்கம் இறங்கினேன். புதுப்பனி இடுப்பளவு இருந்தது. வழியில் சில தடவை விழுந்தேன், அதில் ஒன்று முழுக் குட்டிக்கரணம். கீழே வந்து பார்த்தால் ஹெல்மெட்டில் ஒட்டிய தகடு மட்டும் இருக்கிறது, கோப்ரோ கேமராவைக் காணோம். இன்னும் சில நாள் இங்கேதான் இருப்பேன். தேடினால் கிடைக்குமா? கேமரா போனால் போகட்டும், உள்ளே இருக்கும் வீடியோ வேண்டும்.

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் இடத்தை எவ்வளவு சுருக்க முடிகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். ஒரு சின்ன அறை அளவுக்கு இடம் சுருங்கிவிட்டால் தோண்டலாம். ‘சரிவில் எங்கேயோ’ என்ற நிலையிலேயே இருந்தால் இப்போது தேடுவது வீண்வேலை. பனி உருகும்வரை விட்டுவிட்டு, அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஊர் திரும்புங்கள்.

முதலில் ஹெல்மெட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டிய தகடு அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். அதற்குள் சொருகும் கொக்கி இருக்கிறதா? கொக்கி தகட்டிலேயே நின்று, அதற்கு மேலே உள்ள பிளாஸ்டிக் விரல்கள் மட்டும் முறிந்திருந்தால், பலமான அடி பட்டிருக்கிறது. அப்படியானால் கேமரா அந்தக் குட்டிக்கரண இடத்தில்தான் கிடக்கும், மற்ற இடங்களை மறந்துவிடலாம். கொக்கியும் சேர்ந்து போயிருந்தால் கதை வேறு. கொக்கியின் இரண்டு காதுகளுக்கு இடையில் பனி புகுந்து இறுகினால், கொக்கி முழுதாக உள்ளே போகாது, ‘கிளிக்’ சத்தமும் வராது. கேமரா பாதிப் பிடியில் நின்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் லேசான விழுகையிலும், மரக்கிளை உரசியும்கூட நழுவிவிடும். அப்போது விழுந்த ஒவ்வொரு இடமும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

அடுத்தது நேரம். எந்த மணிக்கு எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பது உங்கள் போனிலோ கைக்கடிகாரத்திலோ பதிவாகியிருக்கலாம். ஸ்ட்ராவா, ஸ்லோப்ஸ் போன்ற செயலி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் வரைபடத்தைத் திறந்து, வேகம் திடீரென்று பூஜ்யமான புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்த இடங்கள் அவற்றில்தான் இருக்கும். வெளிமாநில சிம் இங்கே வேலை செய்யவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஜிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் தேவையில்லை. திறந்த சரிவில் போனின் ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டருக்குள் சரியாகக் காட்டும். தேவதாரு மரங்களுக்கு நடுவே இன்னும் தடுமாறும். (கேமராவிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். இருந்து என்ன பயன், அந்தப் பதிவு பனிக்குள் இருக்கும் கார்டில் அல்லவா இருக்கிறது!)

நண்பர் போனில் எடுத்த படங்கள் இன்னும் உதவும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, உங்கள் தலையில் கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். கேமரா தெரியும் கடைசிப் படத்துக்கும் தெரியாத முதல் படத்துக்கும் இடையில்தான் அது போயிருக்கிறது. அந்த இடைவெளியில் ஜிபிஎஸ் காட்டும் நிறுத்தம் ஒன்றே ஒன்று என்றால் இடம் தெரிந்துவிட்டது. கொண்டோலாப் பெட்டிக்குள் எடுத்த செல்ஃபியையும் விடாதீர்கள். சறுக்கத் தொடங்கும் முன்பே, பெட்டியில் ஏறி இறங்கும்போது கழன்று விழுந்த கேமராக்களும் உண்டு. கொண்டோலா நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இடம் சுருங்கிவிட்டதா? சரி, இப்போது பனியைப் பற்றி. கோப்ரோ வகைக் கேமரா சுமார் 7 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், எடை 150 கிராம் சுற்றுவட்டாரம். தண்ணீரைவிட அடர்த்தியானது. புதிதாகப் பெய்த தூள்பனியோ தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே கேமரா மேலாகக் கிடக்காது. புதுப்பனியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அதற்குக் கீழே பழைய பனி இறுகியிருக்கும் அடுக்கின்மேல் உட்காரும். பெரும்பாலும் அந்த அடுக்குக்குக் கீழே தேட வேண்டியதில்லை. மண்வெட்டியின் கைப்பிடியைச் செருகிப் பார்த்தால் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று கைக்கே தெரியும்.

விழுந்த குழி நேற்றைய காற்றில் மூடாமல் இருந்தால் அதிர்ஷ்டம். குழிக்குள் இறங்கி மிதிக்காதீர்கள். நீங்கள் எந்தத் திசையில் உருண்டீர்களோ அந்தத் திசையில்தான் கேமராவும் பறந்திருக்கும், அதாவது குழிக்குக் கீழ்ப்புறம், சரிவோடு. அங்கே மேற்பரப்பில் கை நுழையும் அளவுக்குச் சின்னப் பிளவோ பள்ளமோ தெரிகிறதா என்று குனிந்து, வெயில் சாய்வாக விழும் கோணத்தில் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சிறு பள்ளத்துக்கும் நிழல் விழும். நடுப்பகலில் எல்லாம் ஒரே வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை என்றால் கீழிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். பனியை அள்ளி வீசாமல், மண்வெட்டியைக் கிடையாக நுழைத்துப் பட்டை பட்டையாகச் சீவி, ஒவ்வொரு பட்டையையும் கையால் உடைத்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தேடி முடித்த கீழ்ப்பக்கத்தில் தள்ளுங்கள். அப்புறம், அந்தக் குவியலை மறுபடி கிளறும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

தோண்டும் முன்பு போனில் கேமராவின் செயலியைத் திறந்து, ‘கேமராவைக் கண்டுபிடி’ வசதியை அழுத்திப் பாருங்கள். இணைப்பு கிடைத்தால் கேமரா பீப் ஒலி எழுப்பும். நம்பிக்கையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: விழும்போது பதிவு ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் குளிரில் பேட்டரி ஒரு மணி நேரம் தாண்டியிருந்தாலே பெரிது. அணைத்த நிலையில் விழுந்திருந்தால், சில மாடல்களில் ப்ளூடூத் மட்டும் விழித்திருக்கும். முயன்று பார்க்க அதிகாலைக் குளிரே சரியான நேரம். உலர்ந்த பனி ரேடியோ அலையை ஓரளவு விடும். வெயில் ஏறிப் பனி ஈரமாகிவிட்டால் அலையை விழுங்கிவிடும்.

வழிகாட்டியின் முதுகுப்பையில் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவிகள் இருக்கும். ‘அதை வைத்துத் தேடலாமே’ என்று தோன்றும். அவற்றில் ஒன்றான டிரான்சீவர் (ரேடியோத் துடிப்பை அனுப்பவும் கேட்கவும் செய்யும் கருவி) 457 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு டிரான்சீவரின் துடிப்பை மட்டுமே கேட்கும். உங்கள் கேமரா அப்படி எதையும் அனுப்புவதில்லை. நீளக் குத்துகோலும் மனித உடலைத் தேடுவதற்கானது. 7 செ.மீ. பொருளைக் கோல் நுனியால் தொட வேண்டும் என்றால் 5 செ.மீ.க்கு ஒரு குத்து குத்த வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கே 400 குத்து. ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஓரளவு உதவக்கூடியது உலோகம் கண்டறியும் கருவி. பனியில் குறுக்கிடும் தாதுக்கள் இல்லாததால் ஓர் அடி ஆழம் வரை இவ்வளவு சிறிய பொருளையும் காட்டக்கூடும். யாரிடமாவது இருந்தால் இரவல் கேளுங்கள். இதற்காக விலைக்கு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி முக்கியமான விஷயம். இரண்டாம் கட்ட நிலையம் இருப்பது சுமார் 3,950 மீட்டர் உயரத்தில். அங்கே ஸ்கி பேட்ரோல் (சரிவுப் பாதுகாப்புக் குழு) கண்காணிக்கும் பிரதான கிண்ணச் சரிவைத் தாண்டினால், பனிச்சரிவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத திறந்த மலை. 2023 பிப்ரவரி 1 அன்று, கொண்டோலா ஏறும் இதே அஃபர்வத் மலையில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். புதுப்பனி இடுப்பளவு பெய்த மறுநாள், செங்குத்தான சரிவின் நடுவில் ஒரே இடத்தில் நின்று வெட்டிக்கொண்டிருப்பது, ஆபத்து மிகுந்த இடத்தில் ஆபத்து மிகுந்த நேரத்தை நீட்டிப்பதாகும். அதனால் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, பேட்ரோலிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். போகலாம் என்றால் வழிகாட்டியோடு, மேலிருந்து சறுக்கி வந்து நில்லுங்கள். கீழிருந்து நடந்து ஏறாதீர்கள். இடுப்பளவு பனியில் முப்பது மீட்டர் ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். தேடும் இடத்துக்கு மேற்புறம் ஸ்கீ இரண்டையும் குறுக்காக நட்டு வையுங்கள், மேலே வருபவர்கள் விலகிப் போவார்கள். ஒருவர் தோண்டும்போது மற்றவர் பாதுகாப்பான ஓரத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு நேர வரம்பு வையுங்கள். முக்கால் மணி நேரம் என் கணக்கில் தாராளம்.

கிடைக்கவில்லை என்றால் நஷ்டம் என்று எழுதிவிட வேண்டாம். உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம், குளிர் அதை அழிக்காது. கேமராவின் கதவுகள் சரியாகத் தாழிட்டிருந்தால் பத்து மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும்படி செய்யப்பட்டது அது. கொங்டூரிக்குக் கீழே பனி ஏப்ரல், மே மாதங்களில் போய்விடும். மேலே உள்ள சரிவுகளில் ஜூன் வரை நிற்பதுண்டு. பனி உருக உருகக் கேமரா நேர் கீழே இறங்கும். மலைச்சரிவில் பனிப்படலமே மெல்லக் கீழ்நோக்கி ஊர்வதால், உங்கள் புள்ளியிலிருந்து சில மீட்டர் தள்ளிக் கிடக்கலாம். பனிச்சரிவு ஓடிய தடம் என்றால் கதை முடிந்தது, அடிவாரக் குவியலில்தான் பார்க்க வேண்டும்.

அப்போது அதைக் கண்ணில் காணப் போகிறவர்கள் கோடையில் ஆடு மாடுகளோடு மேலேறும் குஜ்ஜர், பக்கர்வால் மேய்ப்பர்களும், குதிரை ஓட்டுபவர்களும், கோடை கொண்டோலாப் பயணிகளும்தான். ஆகவே கிளம்பும் முன் ஜிபிஎஸ் புள்ளி, உங்கள் போன் எண், கேமராவின் படம், கொடுக்கப்போகும் பரிசுத் தொகை நான்கையும் ஒரு தாளில் உருதுவிலும் எழுதி வாங்கி, வழிகாட்டி, பேட்ரோல் அறை, ஸ்கீ வாடகைக் கடை, தங்கும் விடுதி ஆகிய இடங்களில் கொடுத்துவிடுங்கள். தொகையைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேமராவை வைத்துக்கொள், கார்டை மட்டும் அனுப்பு என்று சொல்வதுதான் உங்கள் விஷயத்தில் சிறந்த பேரம். வெளிமாநில ப்ரீபெய்டு எண் காஷ்மீருக்குள் இயங்காவிட்டாலும், ஊர் திரும்பிய பின் அழைப்பு வரும், அதனால் வீட்டு எண்ணையே கொடுங்கள்.

கேமரா கைக்கு வந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள், சார்ஜில் போடவும் வேண்டாம். பேட்டரியை எடுத்துவிடுங்கள், உப்பியிருந்தால் அது குப்பை. கார்டின் பித்தளை நிறப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஓரிரு நாள் உலரவிட்டு, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் படியுங்கள். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, மீட்பு மென்பொருளிடம் கொடுங்கள். நீளமான பதிவைக் கேமரா துண்டு துண்டாகத்தான் எழுதுகிறது. பேட்டரி செத்த கணத்தில் ஓடிக்கொண்டிருந்த கடைசித் துண்டு மட்டும் திறக்காமல் போகலாம். அதே ரகக் கேமராவில் கார்டைப் போட்டால் பல சமயம் அதுவே சரிசெய்துகொள்ளும்.

அடுத்த முறைக்கு: தகட்டை மலைக்குப் போய் ஒட்டாதீர்கள். அந்தப் பசை அறை வெப்பத்தில் ஒட்டினால்தான் பிடிக்கும். ஒரு நாள் கழித்துச் சுமார் 90 விழுக்காடு, மூன்று நாளில் முழுப் பலம். கொக்கியைச் சொருகும் முன் காதுகளுக்கு இடையில் ஊதி, விரலால் துடைத்து, கிளிக் கேட்ட பின் இழுத்துப் பாருங்கள். ஹெல்மெட்டின் காற்றுத்துளை வழியாக ஒரு மெல்லிய கயிறு கட்டி, கேமராவோடு இணையுங்கள். கயிறு குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா முகத்தில் வந்து அடிக்கும். மவுண்டைக் கழலவே முடியாதபடி ஸ்க்ரூ போட்டு இறுக்குவதை நான் ஏற்பதில்லை. பலமான அடியில் கேமரா கழன்று போவது தலைக்கு நல்லது. நெஞ்சில் கட்டுவதாக இருந்தால் டிரான்சீவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும், டிரான்சீவரால் யாரையாவது தேடும்போது 50 செ.மீ.

ஏர்டேக் ஒட்டலாமா என்றும் கேட்பார்கள். அதன் இருப்பிடம் தெரிய அருகில் ஒரு ஐபோன் வர வேண்டும். ஆளில்லாச் சரிவில் அது நடக்காது, ஆனால் இடம் தெரிந்து பக்கத்தில் போய்விட்டால் அம்புக்குறி உதவும். இவை எல்லாவற்றையும்விட மலிவான வேலை இரண்டு: ஒவ்வொரு இரவும் கார்டைக் காலி செய்வது, காலியான கார்டில் முதல் படமாக உங்கள் போன் எண் எழுதிய தாளைப் படமெடுத்து வைப்பது. கண்டெடுப்பவர் கார்டைத் திறந்ததும் உங்களை அழைப்பார்.

காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பயணக் காப்பீடுகள் பல திருட்டுக்குக் கொடுக்கும், கைதவறித் தொலைந்ததற்குக் கொடுக்காது. பனிச்சறுக்கைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அதுவும் கிடையாது. கோப்ரோ சந்தாவின் மாற்றுக் கேமரா வசதியும் உடைந்ததைத் திருப்பித் தந்தால்தான்.