34-க்கு ஏறிய வைட்டமின் டி மறுபடி 14-க்கு இறங்கியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38. நாள் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை. உடம்பு வலி, அசதி என்று டாக்டரிடம் போனபோது ரத்தத்தில் வைட்டமின் டி 9 என்று வந்தது. வாரம் ஒன்று வீதம் 8 வாரத்துக்கு 60,000 யூனிட் மாத்திரை கொடுத்தார். ஒன்றுகூட விடாமல் போட்டேன், 34-க்கு வந்தது. சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். ஏழு மாதம் கழித்து இப்போது பார்த்தால் 14. மாத்திரை எனக்கு ஒத்துவரவில்லையா? மறுபடி அதே கோர்ஸா, இல்லை ஆயுசுக்கும் வாரம் ஒன்று போட்டுக்கொண்டே இருக்கலாமா? கால்சியம் மாத்திரையும் மல்டிவைட்டமினும் வேறு எடுக்கிறேன், அவற்றிலும் டி இருக்கிறது, அளவு மீறிவிடுமோ என்று பயம். பேசாமல் தினமும் வெயிலில் நின்றால் போதாதா?

பதில்: மாத்திரை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. 9-ல் இருந்தது 34-க்கு ஏறியதே, வேறென்ன சாட்சி வேண்டும்? குடல் அதை உறிஞ்சியிருக்கிறது, கல்லீரல் அதை மாற்றியிருக்கிறது, ரத்தத்தில் தெரிந்திருக்கிறது. ஒழுங்காகப் போட்டும் எண் நகரவே இல்லை என்றால்தான் உறிஞ்சுவதில் ஏதோ கோளாறு என்று தேட வேண்டும், உதாரணமாக சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாதது), குடல் அழற்சி, எடை குறைக்கச் செய்த வயிற்று அறுவை சிகிச்சை. உங்கள் கதை அது இல்லை.

உங்களுக்குக் கொடுத்தது ஏற்றும் டோஸ். அதற்குப் பின்னால் பராமரிப்பு டோஸ் என்று ஒன்று வர வேண்டும். அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது சீட்டின் அடியில் கிறுக்கலாக எங்கோ இருந்திருக்கும். நான் பார்ப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். காய்ச்சல் மாத்திரை மாதிரி இதையும் நினைத்துக்கொள்கிறோம், ஐந்து நாள் போட்டோம், போய்விட்டது, முடிந்தது என்று. ஆனால் டி குறைந்ததற்கான காரணம் உங்கள் வாழ்க்கை அமைப்பு. அது ஏழு மாதத்தில் மாறவில்லையே. அதே அறை, அதே நாற்காலி. ரத்தத்தில் சுற்றும் டி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும் தன்மை உடையது, கொழுப்பில் சேமித்தது கொஞ்ச காலம் கைகொடுக்கும், அப்புறம் பழைய இடத்துக்குத்தான் திரும்பி வரும். 14-க்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் 14 என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இந்த எண் நானோகிராம் கணக்கில்தான் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் சில ஆய்வகங்கள் நானோமோல் என்ற கணக்கில் கொடுக்கும், அதை 2.5-ஆல் வகுத்தால்தான் நானோகிராம் வரும், நானோமோலில் 14 என்றால் அது வெறும் 5.6, படு மோசம். நானோகிராம்தான் என்று வைத்துக்கொண்டால், 12-க்குக் கீழே இருந்தால் தெளிவான குறைபாடு, 20-க்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களின் எலும்புக்குப் போதும், நடுவில் இருப்பது போதாமை. 30-க்கு மேல் இருந்தே ஆக வேண்டும் என்று பல ரிப்போர்ட்டுகளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அமெரிக்காவில் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து வந்தது. 2024-ல் அதே அமைப்பு புது வழிகாட்டி போட்டு, அந்த 30 என்ற கோட்டை இனி வலியுறுத்துவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அச்சடித்த எண் அச்சடித்தபடி இருக்கிறது, 26 வந்தவர்கள் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் 20-ஐத் தாண்டி 30-ஐ ஒட்டி நின்றால் எனக்குத் திருப்தி.

14-ல் இருக்கும் ஒருவருக்கு மறுபடி ஒரு ஏற்றும் கோர்ஸ் கொடுப்பது வழக்கம்தான், தப்பில்லை. அவசரம் இல்லாதவர்களுக்கு தினசரி 2,000 யூனிட் என்று மெதுவாகப் போனாலும் மூன்று மாதத்தில் ஏறிவிடும். தோராயமாக, தினமும் எடுக்கும் ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் ரத்தத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக எண் கூடும், குறைவாக இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக ஏறும், உடல் எடை மிக அதிகமாக இருந்தால் இரண்டு மூன்று மடங்கு டோஸ் தேவைப்படும், ஏனென்றால் கொழுப்பு அதை இழுத்து வைத்துக்கொள்ளும். எந்த வழி உங்களுக்குச் சரி என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும், ஆனால் இந்த முறை எழுந்து வருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இது முடிந்ததும் தினமும் என்ன போட வேண்டும், எவ்வளவு நாள்?" பெரும்பாலும் 1,000-லிருந்து 2,000 யூனிட் என்று பதில் வரும்.

ஆயுசுக்கும் வாரம் 60,000? வேண்டாம். 60,000-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், தினம் 8,500-க்கு மேல். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்கள் தினமும் எடுக்கலாம் என்று வகுத்திருக்கும் உச்ச வரம்பு 4,000. இரண்டு மாதம் அதைத் தாண்டுவது சிகிச்சை, ஆண்டுக்கணக்கில் தாண்டுவது வம்பு. பெரிய டோஸ் என்றால் பெரிய பலன் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள், ஒரு பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட், மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. எலும்பு முறிவு குறையும் என்ற நம்பிக்கையில் ஆரம்பித்தது, 2010-ல் முடிவு வந்தபோது டி எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், அதிகம் எலும்பு முறிந்திருந்தார்கள். அதிலிருந்து எனக்கு மொத்தமாக ஊற்றுவதில் நம்பிக்கை போய்விட்டது, சிறிதாகத் தினமும் என்பதுதான் என் பக்கம்.

இன்னொரு ஆபத்து இதைவிடச் சாதாரணமானது. வாரம் ஒன்று என்று எழுதியதை தினம் ஒன்று என்று படித்துவிடுவது. என்னிடம் வந்த ஒருவர் இரண்டரை மாதம் அப்படிப் போட்டிருந்தார். ஓயாத தாகம், இரவில் நாலைந்து முறை சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பேச்சில் ஒரு குழப்பம். சர்க்கரை என்று நினைத்துப் பரிசோதித்தார்கள், சர்க்கரை சரியாக இருந்தது, ரத்தத்தில் கால்சியம்தான் எகிறியிருந்தது. டி 150-ஐத் தாண்டும்போதுதான் பொதுவாக இப்படி ஆகும், எளிதில் யாருக்கும் வராது, ஆனால் வந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். ஆகவே வார மாத்திரை போடுகிறவர்கள் ஒரு கிழமையை முடிவு செய்து, அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். சின்ன வேலை, பெரிய வம்பைத் தடுக்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம், மூன்று மாத்திரையிலும் டி இருக்கிறதே என்பது. வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். கால்சியம் மாத்திரையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "வைட்டமின் டி3, 250 யூனிட்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், தினம் இரண்டு போட்டால் 500. மல்டிவைட்டமினில் "10 மைக்ரோகிராம்" என்று இருக்கும், இங்கேதான் குழப்பம், பார்க்க ரொம்பச் சின்னதாகத் தெரியும். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 யூனிட், ஆக அது 400. மொத்தம் 900. இதோடு பராமரிப்புக்கு 1,000 சேர்த்தால் 1,900, தாராளமாகப் பாதுகாப்பான எல்லைக்குள். டாக்டரிடம் போகும்போது அந்த அட்டைகளையும் கையோடு கொண்டுபோனால், 2,000 எழுதுவதா 1,000 போதுமா என்று அவர் உடனே சொல்லிவிடுவார். சரி, தினம் 900 எடுத்துக்கொண்டிருந்தும் ஏன் 14 என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு நான் திருப்பிக் கேட்பது: உண்மையிலேயே தினமும் போட்டீர்களா, எத்தனை நாளாக, அட்டையில் உண்மையிலேயே டி எவ்வளவு? பல கால்சியம் மாத்திரைகளில் பேருக்குத்தான் டி இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் 14-தான் என்றால், வேறு மருந்துகளைப் பார்க்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு எல்லாம் டி-யைக் கீழே இழுக்கும்.

எப்படிப் போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. டி கொழுப்பில் கரைவது, அதனால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குவதைவிட, அன்றைக்கு நீங்கள் சாப்பிடும் பெரிய சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் நன்றாகச் சேரும். காலையா இரவா என்பது முக்கியம் இல்லை, மறக்காத நேரம் எதுவோ அது. டி2, டி3 என்று இரண்டு உண்டு, கிடைத்தால் டி3 வாங்குங்கள், அளவைத் தாக்குப்பிடிக்க வைப்பதில் அதுதான் மேல். வைட்டமின் கே2 சேர்த்தது, நானோ, ஸ்ப்ரே என்றெல்லாம் வருவதற்கு நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் என்றால் கால்சியத்தை அதிலிருந்து 4 மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராமல் போய்விடும்.

வெயில் போதாதா என்றால், சிலருக்குப் போதும், உங்கள் வேலை நேரத்துக்குச் சந்தேகம்தான். தோலில் டி-யை உண்டாக்குவது யுவி-பி என்ற கதிர், அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது, ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்தால் சூடுதான் மிச்சம். இளங்காலை, அந்தி வெயிலிலும் அது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அந்தக் கதிர் தாராளமாக வரும், அந்த நேரத்தில் நீங்கள் அறைக்குள் இருக்கிறீர்கள். தோல் கறுப்பாக இருந்தால் அதிக நேரம் வேண்டும், வயதாக ஆகத் தோலின் திறனும் குறையும். போகும்போது வரும்போது கையில் காலில் கொஞ்சம் வெயில் படட்டும், நல்லதுதான், வெயிலால் டி அளவு மீறாது, அதிகமானதைத் தோலே சிதைத்துவிடும். ஆனால் அதை நம்பி 14-ஐ ஏற்றலாம் என்று உட்காராதீர்கள். சாப்பாடும் அப்படித்தான், ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட், கணக்குப் போட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

சிறுநீரக நோய், சிறுநீரகக் கல், பாராதைராய்டு கோளாறு, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இருப்பவர்களும், தையசைடு வகை நீர்மாத்திரையோ டிகாக்ஸின் என்ற இதய மாத்திரையோ எடுப்பவர்களும் மேலே நான் சொன்ன எதையும் தாமாகச் செய்யக் கூடாது. அவர்களுக்கு கால்சியம் சட்டென்று ஏறும், அல்லது ஏறினால் இதயத்தைப் பாதிக்கும்.

கடைசியாக அந்த அசதி. 34-ல் இருந்தபோது அசதி போயிருந்ததா? அதை நீங்கள் எழுதவே இல்லை. கீழே உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாதது, படி ஏறும்போது தொடை கனப்பது, எலும்பை அழுத்தினால் வலிப்பது, இவை குறைந்திருந்தால் டி-தான் காரணம் என்று நம்பலாம். எண் ஏறியும் அசதி அப்படியே இருந்தது என்றால் டி-யை மட்டும் துரத்தாமல் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை, தூக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டி குறைவில்லாதவர்களும் நிறையப் பேர் இதை ஊட்டச்சத்து டானிக் மாதிரி போடுகிறார்கள், ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வு, 2018-ல் வெளியானது, புற்றுநோய் வருவதும் மாரடைப்பும் அதனால் குறையவில்லை என்றது. இல்லாதவருக்குக் கொடுத்தால் மருந்து, இருப்பவருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் செலவு.

அடுத்த பரிசோதனையை டோஸ் ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில் எடுங்கள், ஆய்வகம் மாறினால் முறை மாறி எண்ணும் கொஞ்சம் மாறும். சீட்டில் "25-ஹைட்ராக்சி" என்று இருக்க வேண்டும். "1,25" என்று இருந்தால் அது வேறு சோதனை, குறைபாடு இருக்கும்போதும் அது நார்மல் என்றே காட்டும், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் திருத்திவிடுங்கள்.