எல்லாம் கனவுதானா? வாசகர் கேள்வி பதில்

கே: பயங்கரமாக ஏதோ நடக்கிறது, நாமும் பதறிப்போய்ப் பார்க்கிறோம், திடீரென்று நாயகன் வியர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருகிறான். எல்லாம் கனவாம்! இது ரசிகனை ஏமாற்றுவதுதானே?

ப: பெரும்பாலும் ஏமாற்றுதான், நானும் உங்கள் கட்சி. அந்தக் கனவைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் எதுவும் குறையாது என்றால் அது வெறும் அதிர்ச்சி வைத்தியம். ஆனால் இதே உத்தியை இயக்குநர் லூயி புனுவல் 1972-இல் 'தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி' படத்தில் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். விருந்துக்கு வந்தவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே திரை விலகுகிறது, பார்த்தால் அது நாடக மேடை, எதிரே ஒரு கூட்டம் இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கோ வசனம் தெரியாது. ஒருவர் விழித்துக்கொள்கிறார். சரி, முடிந்தது என்று அடுத்த விருந்துக்குப் போனால் அங்கே பேச்சு முற்றித் துப்பாக்கி வெடிக்கிறது, இப்போது இன்னொருவர் விழிக்கிறார். முதல் ஆள் கனவு கண்டதே இவருடைய கனவுக்குள்தான்! அதற்கப்புறம் வருகிற சாதாரணக் காட்சியைக்கூட நம்மால் முழுசாக நம்ப முடிவதில்லை. கனவைக் காட்டிப் பயமுறுத்துவது எளிது, விழிப்பின் மேல் சந்தேகம் வரவைப்பதுதான் கஷ்டம்.

கே: கனவுக் காட்சி என்றாலே புகையும் ஸ்லோமோஷனும்தானா? வேறு வழி இல்லையா?

ப: ஒரு 'கட்' போதும், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து சட்டென்று அடுத்த ஷாட்டுக்குத் தாவுவது. நிஜக் கனவில் புகை ஏது? காணும் நேரத்தில் எல்லாம் நிஜம் மாதிரியேதான் இருக்கிறது. ஓர் இடத்தில் நின்றுகொண்டிருப்போம், அடுத்த நொடி வேறெங்கோ இருப்போம், எப்படி வந்தோம் என்று கேட்கத் தோன்றாது. சினிமாவும் இந்த ஷாட்டில் வீடு, அடுத்த ஷாட்டில் ரயில் என்று தாவிக்கொண்டேதான் இருக்கிறது, நாமும் ஒரு கேள்வி கேட்காமல் கூடவே தாவுகிறோம். இதை 1924-லேயே மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் கண்டுகொண்டார். 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் ப்ரொஜெக்டர் ஓட்டுகிறவன் தூங்கிப்போகிறான், அவன் கனவுருவம் எழுந்து போய்த் திரைக்குள் நுழைகிறது. அவன் அப்படியே இருக்க, பின்னணி மட்டும் தோட்டம், தெரு, பாலைவனம், கடல், பனி என்று மாறிக்கொண்டே இருக்கிறது. உட்காரப் போன பெஞ்ச் காணாமல் போய்த் தெருவில் விழுகிறான், கடலில் குதிக்கப் போய்ப் பனியில் தலைகீழாகச் செருகிக்கொள்கிறான். ஒவ்வொரு ஷாட்டிலும் கீட்டன் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக நில அளவைக் கருவி வைத்து அளந்தார்கள். அந்த உழைப்புக்கு முன்னால் எந்தப் புகை மெஷினும் நிற்காது.

கே: 'இன்செப்ஷன்' கடைசியில் பம்பரம் விழுமா, விழாதா?

ப: பிறர் கனவுக்குள் புகும் நாயகன் கோப்புக்குப் பம்பரம் விழுந்தால் நிஜம், விழாமல் சுற்றினால் கனவு. எனக்குப் பம்பரத்தைவிட அவன் என்ன செய்கிறான் என்பதுதான் முக்கியம். படம் முழுக்க அதைச் சுற்றவிட்டுத்தான் தான் விழித்திருப்பதை உறுதி செய்துகொள்கிறான், கடைசியில் சுற்றிவிட்டு அது விழுகிறதா என்று பார்க்கக்கூட நிற்காமல் பிள்ளைகளிடம் போய்விடுகிறான். படம் முடிந்தும் பம்பரத்தையே பார்த்துக்கொண்டிருப்பது நாம் மட்டும்தான். அப்புறம் கனவுக்குள் நடக்கும் அந்தக் காபிக் கடைக் காட்சியை மறுபடி பாருங்கள். 'இங்கே எப்படி வந்தோம்?' என்று அவன் கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒரே ஒரு 'கட்' மூலம்தான் நாமும் அங்கே வந்து சேர்ந்தோம்.

கே: நம் பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா?

ப: லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய மலையாளப் படம் 'நண்பகல் நேரத்து மயக்கம்' (2022) கட்டாயம் பாருங்கள். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் வண்டியில் எல்லோரும் மதியத் தூக்கம். மம்முட்டி மட்டும் எழுந்து இறங்கிப் போய், முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டில், காணாமல் போன சுந்தரமாகவே புழங்க ஆரம்பிக்கிறார். கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது, பின்னால் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இது யார் கனவு என்று படம் கடைசி வரை சொல்வதில்லை, சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.