மின்சாரமும் கரியமிலமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீடு முழுவதும் எல்.இ.டி. பல்புகளாக மாற்றிவிட்டோம். அறையைவிட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்கப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். ஆனாலும் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் ஒரு 1.5 டன் ஏ.சி.யும் நான்கு பழைய மின்விசிறிகளும் உள்ளன. ஏ.சி.யை 20 டிகிரியில் வைக்கிறோம். எங்கே தவறு?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பிள்ளைகள் மீது குற்றமில்லை. 9 வாட் பல்புகள் ஆறு, நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஆகும் செலவு 16 யூனிட்தான். அதே இரண்டு மாதத்தில், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடும் உங்கள் ஏ.சி., மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், 480 யூனிட் எடுத்துக்கொள்கிறது. வீட்டு மின்சாரத்தில் பெரும்பகுதியை விழுங்குபவை சூடாக்கும் பொருள்களும் குளிரவைக்கும் பொருள்களுமே. விளக்கு கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன்மேல் விழுகிறது.

வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகத்தின் கணக்கு. 20 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வை தேடுவதைவிட, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால், உடலுக்கு அதே சுகம் கிடைக்கும். உங்கள் கணக்கில் சுமார் 140 யூனிட் குறையும். எல்லா மின்நிலையங்களும் இணைந்த நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், இரண்டே மாதத்தில் 100 கிலோ அளவுக்கு அது மிச்சம். தமிழ்நாட்டுக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு, தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழுள்ள பல யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. ஆகவே எல்லைக்கு அருகில் நிற்பவர் குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பலன் அதிகம்.

மின்விசிறிகளில் பழையது 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய மோட்டார் வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. நாளில் பதினைந்து மணி நேரம் சுழலும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுங்கள், அது ஒன்றிலேயே இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். விருந்தினர் அறையில் சும்மா தொங்குவது அப்படியே தொங்கட்டும்.

கேள்வி: செல்போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவைத்தால் மின்சாரம் வீணாகுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வீணாகும், ஆனால் வருடம் முழுவதும் சேர்த்தாலும் ஓரிரு யூனிட்டுக்கு மேல் வராது. கவனிக்க வேண்டியது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உள்ள செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் இழுக்கும் பெட்டி, மாதத்துக்கு 7 யூனிட் தின்றுவிடும். அதைச் சுவரில் உள்ள சுவிட்சில் அணையுங்கள்.

கேள்வி: ஏ.சி. வாங்கினால் மின்கட்டணமும் மாசும் கூடும் என்பதால் ஏர் கூலர் வாங்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நோக்கம் சரி, ஊர்தான் ஒத்துவராது. கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் கருவி; காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். வட இந்தியாவின் வறண்ட கோடையில் அது நன்றாக வேலை செய்வதும், கடலோரத்தில் மூடிய அறைக்குள் கசகசப்பைக் கூட்டுவதும் இதனால்தான். அந்தப் பணத்தை மொட்டை மாடியில் போடுங்கள். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால், பகலெல்லாம் சூடேறிய தளம் இரவில் படுக்கையறைக்குள் அனலை இறக்குவது குறையும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறமாக ஒரு தட்டி கட்டுங்கள். உள்ளே போடும் திரை, வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகு தடுப்பதால் பாதிப் பயன்தான். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் கிழக்குச் சன்னலையும் எதிர்ப்பக்கத்துச் சன்னலையும் சேர்த்துத் திறந்துவையுங்கள்.

கேள்வி: நம் மாவட்டத்திலேயே மின்சாரம் தயாராகும்போது, அதைப் பயன்படுத்துவதால் கார்பன் குறைவுதானே?
– வாசகர், நெய்வேலி

பதில்: தூரம் குறைந்தால் கம்பியில் ஏற்படும் இழப்பு கொஞ்சம் குறையும், எரிபொருளின் தன்மை மாறிவிடாது. நெய்வேலி அனல்மின் நிலையங்கள் எரிப்பது பழுப்பு நிலக்கரி; சுரங்கத்திலிருந்து எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். எரியும் சூட்டில் ஒரு பகுதி அந்த ஈரத்தைப் போக்கவே செலவாவதால், அதிலிருந்து கிடைக்கும் யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வருகிறது. தவிர, மின்சாரம் எல்லா நிலையங்களிலிருந்தும் ஒரே தொகுப்பில் கலந்துதான் நம் வீட்டுக்கு வருகிறது. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் ஆகியவற்றைப் பகலில் ஓட்டுங்கள். சூரிய மின்சாரம் ஓய்ந்த மாலை நேரத்துத் தேவையைத்தான் அனல்மின் நிலையங்கள் அதிகம் தாங்குகின்றன.

கேள்வி: சுற்றுச்சூழலை எண்ணி, கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இப்போதைக்கு அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்தால் வெளியாகும் கரியமில வாயு 42 கிலோ அளவு. கேஸ் சூட்டில் 60 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போகிறது என்று கொண்டாலும், அதே சமையலுக்கு 125 யூனிட்டுக்கு மேல் தேவைப்படும். இன்றைய மின்தொகுப்பில் அதற்கு ஏறத்தாழ 90 கிலோ வருகிறது. மாடியில் சூரியத் தகடு வைத்துப் பகலில் சமைப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். மற்றவர்கள் பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, நீலமாக எரியாமல் மஞ்சளாக எரியும் பர்னரைச் சுத்தம் செய்வது ஆகியவற்றைச் செய்தாலே சிலிண்டர் சில நாள் கூடுதலாக வரும்.

கேள்வி: மாடியில் சூரியத் தகடு அமைத்தால் புயல் காலத்தில் மின்தடையிலிருந்து தப்பலாமா? மானியம் எவ்வளவு? தானே புயலை அனுபவித்தவன் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பலருக்கும் தெரியாத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்தொகுப்போடு இணைந்த சாதாரண அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றதும், உச்சி வெயிலாக இருந்தாலும், தானும் நின்றுவிடும். அறுந்த கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். தடை நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. அது செலவை நன்றாகவே உயர்த்தும்.

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மத்திய அரசின் மானியம் வரையறுக்கப்பட்டது. மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுர அடி அளவுக்கு நிழல் விழாத இடம் வேண்டும்; நல்ல வெயிலில் நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் கிடைக்கும். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் ஒரு தகட்டின் மீது விழுந்தாலும், அதே வரிசையில் இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் சரியக்கூடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானேயும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலும் கரை கடந்த கடற்கரை இது. அடியில் துணி காயப்போடலாம் என்று ஆளுயரத்துக்குத் தூக்கி அமைக்கும் தகடுகள் புயலில் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். முடிந்தவரை தாழ்வாக, கால்வனைஸ்டு இரும்புச் சட்டத்தில், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளோடு, கான்கிரீட் பீடத்தில் கால்களை இறுக்கச் சொல்லுங்கள். தட்டோட்டைத் துளைத்து ஆணி அடிக்க அனுமதிக்காதீர்கள். அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும். உப்புத் தூசியைக் காலை வெயில் ஏறுமுன் கழுவுவது போதும். ஆனால் போர்த் தண்ணீர் கடினமாக இருந்தால் வெள்ளைக் கறை படியும்.

கேள்வி: ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பழைய ஏ.சி.க்குக் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது. இது வழக்கம்தானா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: வழக்கமாகிவிட்டது, இயல்பானது அல்ல. ஏ.சி.யின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது, தீர்ந்துபோகும் பொருளே அல்ல. ஆண்டுதோறும் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கடலுக்கு அருகில் உப்புக் காற்று வெளிப்பெட்டியின் சுருள்களை அரிப்பது அடிக்கடி நடப்பது. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 2,500 யூனிட் மின்சாரத்தின் பாரம் அது. நீங்கள் விளக்கணைத்து மிச்சப்படுத்துவது எதுவும் அதற்கு ஈடாகாது. இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸுக்கு அந்த எண் 675.

ஆகவே மெக்கானிக் வந்ததும் சிலிண்டரைத் திறக்கவிடாதீர்கள். முதலில் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றவைத்து அடைத்த பின், குழாய்க்குள் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு (வாக்குவம்), எடைபோட்டுக் கேஸ் நிரப்ப வேண்டும். சுருள் முழுவதும் அரித்திருந்தால் சுருளை மாற்றுவதா, ஏ.சி.யையே மாற்றுவதா என்று விலை கேட்டு முடிவெடுங்கள். மாற்றுவதானால், பழையதைக் கழற்றும்போது மீதமுள்ள கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.