தி வயர்: 5-ஐத் தாண்டினால்

வணக்கம் சார்,

சிக்கலான கதைசொல்லலுக்கு உதாரணமாக நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்களே என்று, போலீஸும் போதைமருந்துக் கும்பலும் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘தி வயர்’ பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு எபிசோடுக்கு மேல் முடியவில்லை. யார் போலீஸ், யார் வக்கீல், யார் யாருடைய ஆள், ஒன்றும் பிடிபடவில்லை. புரியாத மாதிரி எடுப்பதுதான் சிக்கலான கதைசொல்லலா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கும் அப்படித்தான், முதல் தடவை இரண்டாவது எபிசோடிலேயே தூங்கிவிட்டேன். தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்குப் போன மாதிரி அது. யாரும் யாரையும் அறிமுகப்படுத்த மாட்டார்கள், பந்தியில் உட்கார்ந்து நாலு பேச்சைக் காதில் வாங்கினால்தான் யார் மாமா, யார் சம்பந்தி என்று தெரியும். 2002 முதல் 2008 வரை 60 எபிசோட், அத்தனையிலும் ஃபிளாஷ்பேக் ஒன்றே ஒன்றுதான். முதல் எபிசோட் முடிவில் செத்துக் கிடப்பவர் கோர்ட்டில் சாட்சி சொன்னவர் என்று சில நொடி காட்டுவார்கள். அதுவும் தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனல் வற்புறுத்தியதால் வைத்தது.

நீங்கள் நிறுத்திய இடம்தான் வயிற்றெரிச்சல். ஒரு பையனை அடித்துக் கண்ணைப் போக்கினானே, ப்ரெஸ் என்ற போலீஸ்காரன், அவனை ஆபீஸோடு உட்காரவைத்துவிடுகிறார்கள். ஐந்தாவது எபிசோடில் கஞ்சிக்கு உதவாத அந்த ஆள்தான், போதைமருந்துக் கும்பல் பேஜரில் (எண்களை மட்டும் காட்டும் அந்தக் காலத்துக் கையடக்கக் கருவி) அனுப்பும் போன் எண்களின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். போன் பட்டன்களில் நடுவிலிருக்கும் 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும்: 1 என்றால் 9, 2 என்றால் 8, 5-ம் 0-வும் இடம் மாறும். இவ்வளவுதான், கூட்டல் கழித்தலே கிடையாது.

அப்புறம் நான்காவது சீசனில் பார்த்தால் அதே ப்ரெஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஏறக்குறைய அந்தப் பையன் வயசுப் பிள்ளைகளுக்குப் பகடையை உருட்டி நிகழ்தகவு சொல்லித் தருகிறான். பழைய காட்சியை யாரும் ஓட்டிக்காட்ட மாட்டார்கள். அந்தக் கண் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் வகுப்பறை வேறு மாதிரி தெரியும், இல்லையென்றால் ஒரு பாவப்பட்ட வாத்தியார் கதை. நான் சிக்கல் என்று சொல்வது இதைத்தான். ட்விஸ்ட் மேல் ட்விஸ்ட் வைக்கும் தொடர்களில் முடிச்சு அவிழ்ந்ததும் திரும்பிப் பார்க்க ஒன்றுமிருக்காது.

எழுதியவர்களில் எட் பர்ன்ஸ், கதை நடக்கும் பால்டிமோர் நகரப் போலீஸில் இருந்துவிட்டு அங்கேயே வாத்தியாராகவும் போனவர். டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் கிரைம் நிருபராக இருந்தவர். ஆனால் சைமனின் சொந்த உலகமான பத்திரிகை ஆபீஸ் வரும் ஐந்தாவது சீசன்தான் எனக்கு ஒட்டவில்லை, நல்லவன் கெட்டவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரி இருக்கும்.

சப்டைட்டில் போட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். அந்தக் கும்பலைச் சேர்ந்த டிஏஞ்சலோ, தனக்குக் கீழே வேலை செய்யும் பையன்களுக்குச் செஸ் சொல்லித் தருவான். அதுவும் பிடிக்கவில்லை என்றால் சரி, விட்டுவிடுங்கள்.