கொரோனா காலத்தில் வேலை இல்லாமல் இருந்தது உங்கள் உடம்பையும் மனசையும் எப்படிப் பாதித்தது?

மதுரையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். என் வேனில் வருவதெல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி அவர்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். நடுவில் பெரிய வகுப்புகளுக்குத் திறந்து திறந்து மூடினார்கள், அதில் எனக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை.

முதல் பத்து நாள் சுகமாகவே இருந்தது, பொய் சொல்வானேன். பதினைந்து வருஷமாக ஐந்து மணிக்கு எழுந்தவன் எட்டு வரை தூங்கினேன். அப்புறம் ராத்திரித் தூக்கம் போச்சு. விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கண் அசரும். ஒரு வேலையும் செய்யாமலே தோள்பட்டை வலிக்கும்.

வேன் கடனுக்கு ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் ஃபைனான்ஸிலிருந்து போன் வர ஆரம்பித்தது. மணி அடித்தாலே வயிறு கலக்கும், நிஜமாகவே பாத்ரூமுக்கு ஓடுவேன். ரிங்டோனை மாற்றிப் பார்த்தேன். புதுசுக்கும் கலக்கியது.

வீட்டில் அவள் தைத்துச் சம்பாதித்த காசில்தான் அடுப்பு எரிந்தது. ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் எரிந்து விழுவேன்.

அக்டோபரில் ஒரு ராத்திரி நெஞ்சை அடைத்தது. இசிஜியில் ஒன்றுமில்லை. சுகர்தான் வெறும் வயிற்றில் 190. பதற்றத்திலும் இப்படி அடைக்கும் என்ற டாக்டர், "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார். சொல்லக் கூச்சமாக இருந்தது. பணக்கஷ்டம் நான் பார்க்காததில்லை. ஆனால் ஆறு ஐம்பதுக்கு எனக்காக யாரோ வாசலில் நிற்பது நின்றுபோனது அதுதான் முதல் தடவை.

டிசம்பரில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு வேனில் காய்கறி ஏற்றினேன். (பெர்மிட்படி தப்புதான்.) மாட்டுத்தாவணியில் சரக்கு எடுக்க மூன்று மணிக்கே எழ வேண்டும். டீசல் போக மிஞ்சியது சொற்பம், ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் தூக்கம் வந்தது. ஒரு தெருவில் பழைய சவாரிப் பாப்பா ஒன்று அம்மாவோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "என் சீட் எங்க அங்கிள்?" என்றது. மொட்டை மாடியில் பத்திரமாக இருக்கு என்றேன்.

இப்போது சீட்டெல்லாம் வேனில்தான். சுகர் மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போனில் ரிங்டோன் வைப்பதில்லை, வைப்ரேஷன்தான்.