அக்காவின் ஐந்து பவுன்

அன்புள்ள ஐயா,

கரூரில் இருக்கிறேன். 2018இல் நான்கு தையல் மிஷின் போட்டு பெட்ஷீட், தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். வேலை கொடுத்தவர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். கூலி கொடுக்க பெர்சனல் லோன், அதைக் கட்ட கிரெடிட் கார்டு, அந்தக் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு, அப்புறம் ஆப் லோன் என்று போய், வெளியிலும் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினேன். கடைசியில் மிஷின்களை விற்றுவிட்டு வேலைக்குப் போனேன். போன மாதத்தோடு எல்லாக் கடனும் முடிந்தது. நண்பர்கள் பார்ட்டி எங்கே என்கிறார்கள். எனக்கோ சந்தோஷமே இல்லை. மாதம் 18,000 இஎம்ஐ போன பழக்கத்தில், ஐந்தாம் தேதி வந்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு பாக்கி மட்டும் இருக்கிறது. 2019 தொடக்கத்தில் அக்கா தன் ஐந்து பவுனைக் கழற்றிக் கொடுத்தார். மூன்று பவுனில் ஆரம், இரண்டு பவுனில் ஒரு ஜோடி வளையல். ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்து 90,000 வாங்கினேன். கொரோனா சமயத்தில் வட்டி கட்ட முடியாமல் நகை ஏலத்தில் மூழ்கிப் போய்விட்டது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது நானாகப் பேச்செடுத்தால், "வேண்டாம்டா, நீ மேலே வந்ததே போதும்" என்கிறார். அவர் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் செய்யும்போது அதோடு சேர்த்துச் செய்துவிடு என்கிறார் அம்மா. வாங்கிய தொண்ணூறாயிரத்தைக் கொடுத்தால் போதாதா, இன்றைய விலைக்கு ஐந்து பவுனுக்கு எங்கே போவது என்று கேட்கிறாள் மனைவி. நான் என்ன செய்வது?

எஸ்., கரூர்

*

அன்புள்ள எஸ்.,

எல்லாக் கடனும் முடிந்தது என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே ஒரு பாக்கி இருக்கிறது என்கிறீர்கள். சந்தோஷம் ஏன் வரவில்லை என்பதற்கு நான் தனியாகப் பதில் தேட வேண்டியதில்லை.

முதலில் உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷம் உங்களோடு சேர்ந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தியவர், இன்னொரு சுமையைப் பார்த்துப் பயப்படத்தான் செய்வார். ஆனால் நீங்கள் அக்காவிடம் பணம் வாங்கவில்லை, நகை வாங்கினீர்கள். தொண்ணூறாயிரம் என்பது உங்களுக்கும் அந்த நிதி நிறுவனத்துக்கும் நடுவில் இருந்த கணக்கு. அக்காவுக்குத் தர வேண்டியது நாற்பது கிராம். அன்றைக்கும் நாற்பது, இன்றைக்கும் நாற்பது. 2019 தொடக்கத்தில் 25,000 ரூபாய் அளவில் இருந்த பவுன், 2025 அக்டோபரில் 90,000த்தைத் தாண்டியது. அது உங்கள் கெட்ட நேரம் என்று சொல்லலாம், ஆனால் நகை அக்காவின் பீரோவிலேயே இருந்திருந்தால் அந்த விலையேற்றம் யாருக்குச் சேர்ந்திருக்கும்?

சரி, அந்த விலையையே வைத்துக் கணக்குப் போடுவோம். 90,000 வாங்கி நாலரை லட்சம் திருப்புகிறீர்கள். இடையில் ஏறக்குறைய ஏழு வருஷம். கூட்டு வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 25 முதல் 27 சதவீதம் வரும். நூற்றுக்கு மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36. கார்டில் பல வங்கிகள் போடுகிற மாதம் மூன்றரை சதவீதம் ஆண்டுக்கு 42, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஒரு லட்சம் பாக்கி இருந்து மினிமம் டியூ என்று 5,000 கட்டினால், 3,500 வட்டிக்கும் 630 வரிக்கும் போய், அசலில் கழிவது 870 ரூபாய். இதையெல்லாம் முணுமுணுக்காமல் கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கிய கடன்களிலேயே வட்டி குறைந்தவற்றில் ஒன்று அக்காவுடையது. அதிலும் ஏழு வருஷம் தவணை கேட்காத கடன். ஐந்து பவுன் இப்போது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், மற்றவர்கள் மாதாமாதம் பிடுங்கியதால் மொத்தம் எவ்வளவு போனது என்று நீங்கள் கூட்டிப் பார்க்கவில்லை.

நம்மில் பெரும்பாலானோர் கடனை அடைக்கிற வரிசை என்ன தெரியுமா? யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில். ஆப் லோன்காரன் போனில் உள்ள நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்குவான், அவனுக்கு முதலில். வாசலில் பைக்கை நிறுத்துகிறவனுக்கு அடுத்து. வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லி வைத்திருக்கிறது. அப்படி ஒரு விதி தேவைப்படும் அளவுக்குச் சத்தம் இருக்கிறது. அந்தச் சத்தத்தில், சும்மா இருப்பவர்களின் முறை கடைசியாகத்தான் வரும். பல வீடுகளில் அது வருவதே இல்லை. அதற்குள் "அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்களே" என்று ஒரு வசனம் தயாராகிவிடும்.

அடகு வைக்கும் இடத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மதிப்பீட்டாளர் ஆரத்தை உரைகல்லில் தேய்ப்பார், அமிலச் சொட்டு விட்டுப் பார்ப்பார், கல் எடையைக் கழிப்பார், எடை போட்டுக் கவரில் போட்டு ஒட்டுவார். அப்புறம் ஒரு படிவம். நகை என் சொந்த நகை என்று அதில் ஒரு உறுதிமொழி இருக்கும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோம், நீங்களும் போட்டிருப்பீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து அக்காவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வட்டி கட்டச் சொல்லி எஸ்எம்எஸ் வந்தது உங்களுக்கு. ஏல நோட்டீஸ் வந்ததும் உங்களுக்கு. அவர் நகை ஏலம் போவதாக அவருக்கு ஒருவரும் தபால் அனுப்பவில்லை. கேட்கிற உரிமை காகிதத்தில் இல்லாத ஒருவர் "வேண்டாம்" என்று சொல்வதைக் கடன் தள்ளுபடியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. மாமாவுக்கு இது தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அக்காவின் மாமியாருக்கு? இந்த ஏழு வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து வந்திருக்கும்? ஒவ்வொன்றிலும் யாராவது ஒருத்தி "அந்த ஆரம் எங்கே, போடலையா" என்று கேட்டிருப்பாள். லாக்கரில் இருக்கிறது என்றோ, கழுத்தில் அலர்ஜி என்றோ அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காதவர், உங்களுக்காக எத்தனை பேரிடம் எத்தனை வார்த்தை சொன்னாரோ.

அம்மா சொல்லும் வழி எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. தாய்மாமன் சீர் உங்கள் முறை. கடன் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது, உங்களால் முடிந்த அளவு. அதில் ஐந்து பவுனைச் சேர்த்தால், சபையில் பெயர் உங்களுக்கு வரும், நகை பெண்ணோடு சம்பந்தி வீட்டுக்குப் போகும், அக்காவின் கழுத்து அப்படியேதான் இருக்கும். தன் சொந்த நகையைத் தம்பி செய்த சீர் என்று பத்துப் பேர் முன்னால் அவரே சிரித்துக்கொண்டு வாங்கி வைக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளும் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான். ஆனாலும் இந்த யோசனையை அக்காவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஏலம் விட்டதில் அசல், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தால் அதை அடகு வைத்தவரிடம் கொடுத்தாக வேண்டும். 2020 ஆகஸ்டில் பவுன் 40,000த்துக்கு மேல் விற்றது. ஏலம் அதை ஒட்டி நடந்திருந்தால் உங்களுக்கு ஒரு தொகை வந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தாமதம்தான், கேட்பதில் நஷ்டமில்லை. அப்படியே மற்ற இடங்களிலும் நோ டியூ சர்டிபிகேட், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக், புரோநோட்டு எல்லாம் திரும்ப வந்துவிட்டதா பாருங்கள். வட்டிக்காரர்கள் "கிழிச்சுப் போட்டுட்டேன்" என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டாம், கையில் வாங்கி நீங்களே கிழியுங்கள்.

ஐந்தாம் தேதி 18,000 போய்க்கொண்டிருந்தது இல்லையா, அது இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். அதே 2025 அக்டோபர் கணக்கில் கிராம் 11,250, மூன்று சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால் மாதம் ஒன்றரை கிராம் வாங்கலாம். விலை அங்கேயே நின்றால் இரண்டேகால் வருஷத்தில் நாற்பது கிராம். விலை ஏறலாம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் படிப்புச் செலவு இருந்தால் மாதம் ஒன்பதாயிரமாக்குங்கள், நாலரை வருஷம் ஆகட்டும், தப்பில்லை. அது உங்கள் மனைவியோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. தங்க நாணயமாக வாங்குங்கள். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று உங்கள் பணம் நிறையக் கரையும். நகைச்சீட்டும் வேண்டாம், கட்டிய பணத்தோடு கடையைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் நம் ஊரில் உண்டு.

வாங்கிய நாணயத்தை உங்கள் வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு அவசரம் வந்தால் அதுவும் அடகுக் கடைக்குத்தான் போகும், உங்களுக்கு வழி நன்றாகவே தெரியும். எட்டு கிராம் சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பில்லை அக்கா பெயரில் போடச் சொல்லுங்கள். போவதற்கு முன் மட்டும் அவருக்கு போன் செய்து, மாமா இருக்கும்போது வரட்டுமா, இல்லாதபோது வரட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.