குராமி மேலே வந்து காற்று குடிப்பது நோயா?

கேள்வி: என் மீன் தொட்டியில் இரண்டு ஏஞ்சல் மீன்கள், ஒரு குராமி மீன், ஆறு கோரிடோரஸ் கெளுத்திகள் இருக்கின்றன. குராமி அடிக்கடி மேலே வந்து காற்று குடிக்கிறது. ஆக்ஸிஜன் போதவில்லையோ என்று பம்பை முழு வேகத்தில் வைத்தேன். இப்போது ஏஞ்சல்கள் மூலையில் ஒதுங்கிவிட்டன. மிதக்கும் உணவுதான் போடுகிறேன்; கெளுத்திகள் இளைத்துக்கொண்டே போகின்றன. உப்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் பம்பின் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் குராமி மூச்சுத் திணறவில்லை, மூச்சு விடுகிறது. ஆக்ஸிஜன் குறைந்த, தேங்கிய நீரில் வாழப் பழகிய இனம் அது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக லேபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது. வாயால் எடுக்கும் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை அது நேராக இரத்தத்தில் சேர்த்துவிடும். மேலே வர வழியில்லாமல் போனால்தான் குராமிக்கு ஆபத்து. அதனால் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சில விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கட்டும். கோரிடோரஸும் திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அது குடலின் பின்பகுதியால் ஆக்ஸிஜனை உறிஞ்சும் மீன்! அதைப் பார்த்தும் பயப்படாதீர்கள்.

ஏஞ்சலை நேர் எதிரே இருந்து பாருங்கள், ஓர் அட்டையின் விளிம்பு போல மெலிதாகத் தெரியும். மெதுவாக ஓடும் நீரில் செடித் தண்டுகளுக்கு இடையே நுழைந்து போக ஏற்ற உடம்பு அது. மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடுகள் தண்டுகளின் நிழலோடு கலந்துவிடும். வேகமான நீரோட்டத்திலோ அந்த அகலமான உடம்பும் நீண்ட துடுப்புகளும் பாய்மரம் மாதிரி இழுபடும். பாவம், அதனால்தான் ஒதுங்குகிறது. உயரமான செடிகள் சில வையுங்கள்.

அப்புறம் கெளுத்தி. எந்த மீன் வாங்கினாலும் வாயைப் பாருங்கள் என்பேன். கப்பி மீனுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், நீர்ப்பரப்பில் மேயும். கோரிடோரஸுக்கு வாய் அடியில், பக்கத்திலேயே மீசைகள். அந்த மீசைகளில் சுவை மொட்டுகள் உண்டு. மணலைத் துழாவித்தான் அது இரை தேடும். நீங்கள் போடும் உணவு அடிவரை போய்ச் சேருவதே இல்லை. விளக்கை அணைத்து ஏஞ்சல்கள் அடங்கிய பிறகு, மூழ்கும் வில்லைகளைப் போடுங்கள். அடியில் கூரான கற்கள் இருந்தால் எடுத்துவிட்டு மென்மையான மணல் பரப்புங்கள். கற்கள் கிழித்தால் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும்.

உப்பு இப்போது வேண்டாம். நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிக அதிகம். அதனால் செவுள் வழியாக நீர் ஓயாமல் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. கூடவே போகும் உப்பைச் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் நீரிலிருந்து திரும்ப உறிஞ்சுகின்றன. நோயுற்ற சில மீன்களுக்கு அளவாக உப்பு சேர்த்தால் இந்தச் சுமை குறையும், உண்மைதான். ஆனால் நீங்கள் சொல்வதில் உப்பால் தீரும் நோய் எதுவும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏஞ்சல்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள்கள் வேகமாக அடித்தால், அது வேறு விஷயம். ஏஞ்சலுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு கிடையாது. உடனே கால் பங்கு நீரை மாற்றி, அம்மோனியா அளவைச் சோதியுங்கள். மாற்றும் நீர் குளோரின் நீக்கியதாக, தொட்டி நீரின் வெப்பத்திலேயே இருக்கட்டும். அந்த நேரத்தில் பம்பைக் கூட்டுவதும் சரிதான்.